கடற்பறவையின் வரவு செலவுக் கணக்கு

குடும்பம் நடத்துவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. வரவு சிறிதாக இருப்பதனால் மாத்திரம் ஒரு குடும்பம் நொடித்துப் போவதில்லை. எதிர்பாராத செலவொன்று வந்து வாயிலில் நிற்கும்போது கையிருப்பு இல்லாதிருந்தாலே அது நொடித்துப் போகின்றது. இவ்வுண்மை மனிதருக்கு மட்டும் உரியதன்று. நடுக்கடலில் இரைதேடி, தனிப்பாறையிலோ சிறு தீவிலோ குஞ்சு வளர்க்கும் கடற்பறவைகளின் வாழ்க்கையும் இதே கணக்கின் மீதுதான் நிலைபெற்றிருக்கின்றது. அவற்றிடம் பணமில்லை. உள்ள செல்வம் இரண்டே. ஒன்று நேரம், மற்றையது உடலிற் சேர்த்து வைத்த சக்தி. இவ்விரண்டையும் தமக்கும் குஞ்சுக்குமாக அவை எவ்வாறு பங்கிட்டுக் கொள்கின்றன என்பதை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட செய்திகளுட் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

கூடு ஓரிடம், உணவு வேறிடம்

வீட்டு முற்றத்து மரத்திற் கூடுகட்டும் பறவைக்கு உணவு அயலிலேயே கிடைக்கின்றது. புழுவொன்றைக் கண்டதும் கவ்விக்கொண்டு சில நிமிடங்களிற் குஞ்சிடம் திரும்பிவிடலாம். கடற்பறவையின் நிலை அத்தகையதன்று. அது உண்பது கடலில். ஆயினும் முட்டையிடுவதற்குத் தரை வேண்டும். ஆகவே குஞ்சு வளர்க்கும் காலம் முழுவதும் அது ஒரு பாறையோடு பிணைக்கப்பட்டு விடுகின்றது. இரைதேடிச் செல்லும் ஒவ்வொரு பயணமும் அப்பாறையிலே தொடங்கி அப்பாறையிலே முடிதல் வேண்டும்.

இதனால் எழும் கணக்கு எவருக்கும் விளங்கக்கூடியதே. தெருக்கோடியிற் கடை இருந்தால் நாம் நாளொன்றுக்கு நாலு தடவையும் போய்வருவோம். ஒரு தீப்பெட்டிக்காகவும் நடப்போம். சந்தை பத்து மைல் தொலைவில் இருப்பின், கிழமைக்கு ஒருமுறை சென்று மூட்டை நிறையக் கட்டிக்கொண்டே திரும்புவோம். போக்குவரவிற் செலவாகும் நேரமும் உழைப்பும் கூடக்கூடச் சுமையும் பெரிதாதல் வேண்டும். அன்றேற் பயணம் நட்டத்தில் முடியும்.

பறவைகளின் சுமை காவும் முறையும் இதற்கேற்பவே அமைந்திருக்கின்றது. வட அத்திலாந்திக் கரைப்பாறைகளில் வாழும் கில்லிமொட் என்னும் பறவை ஒரு தடவைக்கு ஒரேயொரு மீனை அலகிலே நீளவாக்கிற் பிடித்துக்கொண்டு வரும். அதன் உறவினமாகிய பஃபின் பறவையோ பத்து மீன்கள் அளவில் அலகிலே குறுக்காக அடுக்கிக்கொண்டு வரும். நெடுந்தூரம் செல்லும் பெற்றெல், அல்பட்ரோஸ் ஆகிய இனங்கள் இன்னொரு வழியைக் கைக்கொள்கின்றன. அவை உண்ட மீனிலும் கணவாயிலும் உள்ள கொழுப்பைப் பிரித்தெடுத்து, இரைப்பையிலே எண்ணெயாகத் தேக்கி வைக்கின்றன. பச்சை மீன் ஒரு கிராமிற் கிடைக்கும் சக்தி பெரும்பாலும் 1 அல்லது 2 கலோரியே. எண்ணெய் ஒரு கிராமிலோ ஏறக்குறைய 9 கலோரி உண்டு. தொலைவிலிருந்து வருபவன் கனதியிற் குறைந்து விலையில் மிகுந்த பொருளைச் சுமந்து வருவதை இது ஒக்கும்.

தொலைவு இயற்கையாக அமைந்தது மட்டுமன்று. பறவைகளே தமக்குத் தொலைவை உண்டாக்கிக் கொள்வதும் உண்டு. 1957ஆம் ஆண்டு முதல் 1959ஆம் ஆண்டு வரை அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள அசென்சன் தீவில் ஆராய்ச்சி நடத்திய குழுவில் பிலிப் ஆஷ்மோல் என்பவர் இருந்தார். ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே தீவிற் கூடிக் குஞ்சு வளர்க்கும்போது, தீவைச் சுற்றியுள்ள கடலில் இரை குன்றிப் போகும் என்று அவர் 1963ஆம் ஆண்டில் எழுதினார். அக்கருத்தை நேரிலே கண்டு நிறுவுதற்கு நெடுங்காலம் சென்றது. அதே அசென்சன் தீவைச் சுற்றி நடந்த ஆராய்ச்சியொன்று 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தீவை அண்டிய கடலிற் பறக்கும் மீன்கள் குறைந்தும், விலகிச் செல்லச் செல்ல மிகுந்தும் இருப்பதையும், அக்குறைவு 150 கிலோமீற்றருக்கு அப்பாலும் எட்டுவதையும் அது காட்டியது. ஊர் பெருத்தால் விறகுக்குத் தூரம் போகவேண்டி வருவது போன்றதே இதுவும்.

நேரம் என்னும் கையிருப்பு

முதற்கண் கில்லிமொட் பறவையின் கணக்கைப் பார்ப்போம். இதன் எடை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். நீருக்குள் மூழ்கி, இறகுகளையே துடுப்பாக்கி மீனைத் துரத்தும் இயல்புடையது. அதற்கேற்பச் சிறகுகள் குறுகியவை. நீருக்குள்ளே உதவும் அக்குறுஞ்சிறகு காற்றிலே பெருஞ்செலவு வைக்கின்றது. இதன் நெருங்கிய உறவாகிய தடித்த அலகுக் கில்லிமொட் பறவையைக் கனடாவின் வடபகுதியில் ஆராய்ந்தோர், அது பறக்கும்போது ஓய்வு நிலையிற் செலவிடும் சக்தியைப்போல் 31 மடங்கு செலவிடுகின்றது என்று 2013ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதுவரை அளந்தறியப்பட்ட பறவைகளுள் எதுவும் பறப்பதற்கு அவ்வளவு செலவிட்டதில்லை.

இவ்வளவு செலவிற் கொண்டுவருவதோ ஒரு மீன். ஆதலால் மீன் அருகில் இருந்தாலன்றி இப்பறவையாற் குஞ்சு வளர்க்க இயலாது. கூடும் இதற்குக் கிடையாது. வெறும் பாறை விளிம்பிலே தோளோடு தோள் உரசும்படி நெருங்கி நின்று, ஒவ்வொரு சோடியும் ஒரேயொரு முட்டையை அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின் ஒரு பறவை காவல் நிற்க மற்றப் பறவை கடலுக்குப் போகும். இரை மலிந்த ஆண்டுகளில் இரைதேடி வந்த பறவை உடனே புறப்படாது. இரண்டும் சிறிது நேரம் குஞ்சின் அருகே சும்மா நிற்கும். பார்ப்போருக்கு இது சோம்பலாகத் தோன்றலாம். உண்மையில் இதுவே அக்குடும்பத்தின் கையிருப்பு. மீன் அரிதாகும்போது இந்த ஓய்வு நேரத்தைக் குறைத்துக்கொண்டு, கூடுதலான நேரம் கடலிலே தேடலாம். குஞ்சுக்கு வரும் உணவு உடனே குறைந்துவிடாது.

ஆனால் கையிருப்பு எவ்வளவு பெரிதாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள மே தீவில் அவ்வெல்லை கண்கூடாகக் காணப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அங்குள்ள கில்லிமொட் பறவைகள் குஞ்சுகளுக்குக் கொண்டுவந்தவற்றுள் பெரும்பங்கு, நம் சூடை மீனுக்கு உறவான ஸ்பிராட் என்னும் சிறுமீன். அம்மீனை ஆராய்ந்தபோது, அதில் இருக்க வேண்டிய சக்தி மிகவும் குறைந்திருந்தமை தெரியவந்தது. நெல்லென்று சுமந்து வந்த மூட்டையிற் பதரே மிகுந்திருந்தால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. குஞ்சுகள் மெலிந்தன. வட கடலின் கரைகள் பலவற்றில் அவ்வாண்டு கடற்பறவைகளின் குஞ்சு வளர்ப்புத் தோல்வியில் முடிந்தது.

2007ஆம் ஆண்டில் அதே தீவிற் கண்ட காட்சி இன்னும் கொடியது. இரை போதாமையால் தாயும் தந்தையும் ஒருங்கே கடலுக்குப் போக நேர்ந்தது. காவலின்றி நின்ற குஞ்சுகள் குளிரால் நடுங்கி அயலிலுள்ள பறவைகளின் சிறகடியை நாடி ஒதுங்கின. அயற்பறவைகள் அவற்றை ஏற்கவில்லை. கொத்தித் துரத்தின, குஞ்சுகள் பல பாறையிலிருந்து விழுந்தும் காயமுற்றும் இறந்தன. நல்ல காலத்தில் அருகருகே அமைதியாக வாழ்ந்து, பகைப்பறவைகளை ஒன்றுகூடித் தடுத்த அதே அயலவர்தாம் இவ்வாறு நடந்துகொண்டன. வறுமை உறவையும் குலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

கில்லிமொட் பறவை இயன்றவரை விரைவில் இந்நெருக்கடியிலிருந்து விடுபட முயல்கின்றது. குஞ்சு மூன்று கிழமை வளர்ந்ததும், தாயின் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே உடையதாய், பறக்கவும் இயலாத பருவத்தில், பாறையிலிருந்து கடலில் குதித்துவிடும். தந்தைப்பறவை அதனோடு நீந்திச்சென்று மீனுள்ள இடத்தில் வைத்தே ஊட்டி வளர்க்கும். உணவைக் குஞ்சிடம் கொண்டு செல்வது கட்டாத காரியமாகும்போது, குஞ்சையே உணவிடம் கொண்டு செல்கின்றது என்க.

உடல் என்னும் கையிருப்பு

இனி இதற்கு முற்றிலும் மாறான ஒரு வாழ்க்கையைப் பார்ப்போம். இலங்கையின் கரையைத் தழுவும் அதே இந்துமாக்கடல், தெற்கே அந்தாட்டிக்காவை நோக்கிச் செல்லும் வழியில் குரோசே, கெர்கலென் என்னும் தீவுக்கூட்டங்கள் உள்ளன. காற்று ஓயாத அத்தீவுகளில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கடற்பறவைகளை ஆராய்ந்து வருகின்றனர். 1989ஆம் ஆண்டில் குரோசேத் தீவிலிருந்த உலாவும் அல்பட்ரோஸ் பறவைகள் சிலவற்றின் முதுகிலே சிறு கருவிகளைப் பொருத்தி, செய்மதியின் உதவியால் அவற்றின் வழியைப் பின்தொடர்ந்தனர். முட்டையை அடைகாக்கும் துணையை விட்டுப் புறப்பட்ட பறவை, ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீற்றர் வரை சுற்றித் திரும்பியது. பியர் ஷூவன்தானும் ஆன்றி வெய்மர்ஸ்கிர்ச்சும் இதனை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இத்துணைத் தூரம் பறக்கச் சக்தி எங்கிருந்து வருகின்றது? காற்றிலிருந்து வருகின்றது என்பதே விடை. மூன்று மீற்றருக்கு மேல் விரியும் சிறகை அசைக்காமல், அலைகளின் மேலே ஏறியும் இறங்கியும் காற்றின் வேகத்தையே தன் வேகமாக மாற்றிக்கொள்கின்றது அல்பட்ரோஸ். பறக்கும்போது அதன் இதயத்துடிப்பை அளந்தவர்கள், அமர்ந்து ஓய்வெடுக்கும்போது உள்ள துடிப்பைவிட அது பெரிதும் கூடவில்லை என்று கண்டனர். கில்லிமொட் கூலி கொடுத்து வண்டியிற் போகின்றது. அல்பட்ரோஸ் பாய்மரக் கப்பலில் இலவசமாகப் போகின்றது.

ஆயினும் குஞ்சு காத்திருக்கின்றது. தூரத்தில் உணவு மிகுதி. ஆனால் நாட்கள் செல்லும். அருகில் உணவு குறைவு. ஆனால் விரைவிற் திரும்பலாம். இவற்றுள் எதைத் தெரிவது? இக்கேள்விக்குக் கெர்கலென் தீவிலுள்ள நீலப் பெற்றெல் என்னும் சிறுபறவை காட்டிய விடை விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்தியது. இதன் எடை ஏறக்குறைய 200 கிராம். இரண்டு நாள் அளவிலான குறும்பயணம் ஒன்றோ சிலவோ சென்ற பின்னர், ஏழு நாள் அளவிலான நெடும்பயணம் ஒன்றை இது மேற்கொள்கின்றது. மீண்டும் குறும்பயணம், மீண்டும் நெடும்பயணம். 1994ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சிக்கு முன்னர் இப்படியொரு முறை கடற்பறவைகளிடம் இருப்பதை எவரும் எடுத்துரைத்ததில்லை.

பறவைகளை நிறுத்துப் பார்த்தபோது இதன் காரணம் வெளிப்பட்டது. குறும்பயணத்திற் பிடித்ததைக் குஞ்சுக்கே கொடுத்துவிட்டு, தாய் தந்தையர் தம் உடற்கொழுப்பைச் செலவழிக்கின்றனர். குஞ்சு வளர்கின்றது, பெற்றோர் மெலிகின்றனர். நெடும்பயணத்திலோ பெற்றோர் தாமும் உண்டு தேறி, குஞ்சுக்கும் எண்ணெய் கொண்டு வருகின்றனர். குறும்பயணம் குஞ்சின் கணக்கு. நெடும்பயணம் பெற்றோரின் கணக்கு. எப்போது நெடும்பயணம் போவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெற்றோரின் எடையே. எடை ஓர் அளவுக்குக் கீழே போனதும் பறவை தொலைகடலை நோக்கித் திரும்புகின்றது.

பின்னர் இம்முறை வேறு பல இனங்களிலும் காணப்பட்டது. அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் தாஸ்மேனியாவிலும் மண்வளைகளிற் குஞ்சு வளர்க்கும் குறுவால் ஷியர்வாட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓரிரு நாட் குறும்பயணங்கள் சில சென்றபின், தெற்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள குளிர்கடலை நோக்கி இது புறப்படும். ஒன்பது நாள் முதல் பதினேழு நாள் வரை திரும்பாதிருப்பதும் உண்டு. அங்கே கிறில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர்களும் மீன்களும் மலிந்துள்ளன.

அவ்வளவு நாள் குஞ்சு என்ன செய்யும்? அதற்கும் ஒரு கையிருப்பு உண்டு. கிடைத்த எண்ணெயையெல்லாம் கொழுப்பாக்கிக் கொள்ளும் இக்குஞ்சு, ஒரு கட்டத்தில் தன் பெற்றோரின் எடையையும் மிஞ்சிவிடுகின்றது. இக்கொழுப்பின் காரணமாகவே ஆங்கிலேயர் இப்பறவைக்கு ஆட்டிறைச்சிப் பறவை என்று பெயரிட்டனர். தாஸ்மேனியாவின் ஆதிக்குடிகள் நெடுங்காலமாக இக்குஞ்சை உணவாகக் கொண்டு வந்துள்ளனர். ஏப்ரல் மாதத்திற் பெற்றோர் குஞ்சை விட்டு வட பசுபிக்கை நோக்கிப் பறந்துவிடும். தனித்த குஞ்சு இரண்டு மூன்று கிழமைகள் தன் கொழுப்பைக் கரைத்துண்டு, வழிகாட்டுவோர் இன்றித் தானும் அதே திசையிற் புறப்படும்.

யாருடைய பங்கு முந்தியது?

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. குஞ்சுக்கும் தனக்கும் ஒருசேரப் போதாத நிலை வந்தால், தாய்ப்பறவை எவ்வழி நிற்கும்? தன்னுயிரைக் கொடுத்தும் குஞ்சைக் காக்கும் என்றே நம் மனம் சொல்ல விரும்பும். கனடாவின் கிழக்குக் கரையை அடுத்த கென்ற் தீவில் நடந்த ஒரு சோதனை வேறுவிதமான விடையைத் தந்தது. அங்கு வாழும் லீச் புயற்பெற்றெல் என்னும் பறவையின் எடை 45 கிராம் அளவே. சில பறவைகளின் சிறகிறகுகளைச் சிறிது கத்தரித்து, பறத்தலை அவற்றுக்குக் கடினமாக்கினர் ஆராய்ச்சியாளர். கூடிய அச்செலவைப் பெற்றோர் தம் உடலிலிருந்து ஈடுசெய்யவில்லை. குஞ்சின் பங்கிலிருந்தே குறைத்துக்கொண்டன. குஞ்சின் வளர்ச்சி தாமதமாயிற்று. 1995ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

இதனைக் கேட்டு அப்பறவையைக் கல்நெஞ்சம் உடையதென்று தூற்றுதல் தகாது. ஒரு முட்டைக்கு மேல் இடாத இச்சிறு பறவை முப்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஓராண்டுக் குஞ்சு இறந்தால் மறு ஆண்டு இன்னொன்று உண்டு. பெற்றோருள் ஒன்று இறந்தாலோ, எஞ்சிய பறவை தனித்து நின்று இருவர் சுமையைச் சுமத்தல் அரிது. அக்குஞ்சும் பெரும்பாலும் இறக்கும். இனிப் பிறக்கவிருந்த குஞ்சுகளும் இல்லாமற் போகும். சில ஆண்டுகளே வாழும் சிறு பாட்டுப்பறவை, நாளை இல்லை என்பதுபோல் இன்றே எல்லாவற்றையும் செலவிடலாம். நெடுநாள் வாழ்வது அவ்வாறு செய்தல் இயலாது. முதலைக் காத்து வட்டியைச் செலவிடும் முறையையே அது கைக்கொள்கின்றது.

இம்முறையின் வெற்றிக்கு வாழும் சான்றாக விளங்கியது ஒரு லேசான் அல்பட்ரோஸ். பசுபிக்கிலுள்ள மிட்வே தீவில் 1956ஆம் ஆண்டில் முட்டையிட வந்திருந்த அப்பறவையின் காலில் அடையாள வளையம் ஒன்று பூட்டப்பட்டது. அமெரிக்கர் அதற்கு அறிவு என்று பொருள்படும் விஸ்டம் என்னும் பெயரைச் சூட்டினர். 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் அது அதே தீவுக்கு வந்து முட்டையிட்டது. அப்போது அதற்கு ஏறக்குறைய 74 வயது எனக் கணிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அது வளர்த்துவிட்ட குஞ்சுகள் பல. தன் உடலைப் பேணிக்கொண்ட தாயாலேயே இது இயலும்.

கணக்கை மாற்றும் காற்றும் கடலும்

இவ்வளவு நுணுக்கமாக அமைந்த கணக்கில் வெளியிலிருந்து ஒரு மாற்றம் வந்தால் என்ன நேரும்? சில வேளை நன்மையும் நேரலாம். குரோசேத் தீவைச் சூழ்ந்த கடலிற் சில பதின்மங்களாகக் காற்றின் வேகம் கூடி வந்தது. அல்பட்ரோஸ் பறவைகள் முன்னிலும் விரைவாகச் சென்று திரும்பின. பயணம் குறுகியது, குஞ்சு வளர்ப்பிற் வெற்றி கூடியது, பறவைகளின் எடையும் ஒரு கிலோகிராமுக்கு மேல் அதிகரித்தது. வெய்மர்ஸ்கிர்ச் 2012ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டபோது, காற்று மேலும் மாறுமாயின் இந்நன்மை நிலைக்கும் என்று கொள்ள முடியாதென எச்சரிக்கையும் செய்தார்.

ஆனால் மனிதன் கைவைக்கும் இடங்களிற் பெரும்பாலும் நட்டமே நேர்கின்றது. ஆயிரக்கணக்கான தூண்டில்கள் கோத்த நெடுங்கயிறுகளைக் கடலில் விடும் கப்பல்கள், இரையை விழுங்கவரும் அல்பட்ரோஸ் பறவைகளையும் சேர்த்துக் கொன்றன. உலாவும் அல்பட்ரோஸ் இனத்திற் பெண்பறவைகள் ஆண்களைவிட வடக்கே சென்று இரைதேடுவதனால், சூரை மீன் பிடிக்கும் கப்பல்களின் வழியில் அவையே கூடுதலாக அகப்பட்டன. தூண்டிலில் ஒரு தாய் மாண்டால், தொலைதூரத் தீவிலே ஒரு குஞ்சு வாராத உணவுக்காகக் காத்திருக்கும். இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. இரவிலே தூண்டில் இடுதல், கயிறு விரைவில் அமிழும்படி பாரம் கட்டுதல், பறவைகளை வெருட்டும் நாடாக்களைக் கப்பலின் பின்னே பறக்கவிடுதல் ஆகியவற்றைக் கைக்கொண்ட கடற்பகுதிகளில் இவ்விறப்பு வெகுவாகக் குறைந்தது.

மீனைப் பொறுத்தும் ஓர் அளவு கண்டறியப்பட்டுள்ளது. உலகின் பல பாகங்களில் 14 இனக் கடற்பறவைகளைப் பற்றி நெடுங்காலம் சேர்த்த விவரங்களை ஒப்பிட்டு, 2011ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு முடிவு கண்டனர். ஒரு கடலில் மிகக் கூடியதாகக் காணப்பட்ட இரைமீனின் தொகையில் மூன்றிலொரு பங்கேனும் எஞ்சியிருந்தால் பறவைகள் தம் குஞ்சுகளைப் பெரிதும் வளர்த்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே போனதும் குஞ்சு வளர்ப்புச் சரியத் தொடங்குகின்றது. சரிவு மெல்ல மெல்ல வருவதன்று. கையிருப்பு உள்ளவரை எல்லாம் நன்றாகவே தோன்றும். தாயும் தந்தையும் ஓய்வைக் குறைத்தும் உடலை உருக்கியும் குறையை மறைத்துக்கொள்ளும். கையிருப்புத் தீர்ந்த அன்றே கேடு வெளியிலே தெரியவரும்.

குஞ்சு வளரும் பாறையைப் பாதுகாத்தல் மட்டும் போதாது என்பதை இதனால் உணர்கிறோம். அப்பாறைக்கும் இரை உள்ள இடத்துக்கும் இடையிலுள்ள கடல் முழுவதும் அப்பறவையின் வீடே. மீனை நாமும் பிடிக்கத்தான் வேண்டும். நம் குழந்தைகளுக்கும் உணவு வேண்டும். ஆயினும் வலையை இழுக்கும்போது மூன்றில் ஒரு பங்கை அலையோடு விட்டுவைக்கும் மனம் நமக்கு வேண்டும். பதினேழு நாள் கடலில் அலைந்து திரும்பும் ஒரு தாய்ப்பறவை, தன் குஞ்சுக்கென்று கொண்டுவருவது அந்தப் பங்கிலிருந்துதான்.